நாளை வரும் கணினி



பொருளைச் செய்தவனைப் பற்றியும் விற்றவனைப் பற்றியும் வரலாறு நிறையப் பேசுகிறது. வாங்காமல் காத்திருந்தவனைப் பற்றி அது பேசுவது குறைவு. ஆயினும், வாங்குவோர் பலர் ஒரே நேரத்தில் 'இப்பொழுது வேண்டாம், பிறகு பார்ப்போம்' என்று கையை மடக்கிக்கொண்டால், பெருநிறுவனம் ஒன்றும் வீழ்ந்துபோகும். அத்தகைய காத்திருப்பின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழும் கொண்டப்பநாயக்கன்பட்டி, சேர்வராயன் மலையடிவாரத்தில் சேலம் நகரை ஒட்டி அமைந்த ஊர். ஆடி பிறந்தவுடன் இங்குள்ள கல்லூரி மாணவர்கள் என்னிடம் தவறாமல் ஒரு வினாவைக் கேட்பார்கள். "ஐயா, மடிக்கணினியை ஆடித் தள்ளுபடியில் வாங்கிவிடலாமா? தீபாவளிக்கு விலை இன்னும் குறையும் என்கிறார்கள். புதிய மாதிரி வரப்போகிறது என்றும் பேசிக்கொள்கிறார்கள். பொறுத்திருக்கலாமா?" இவ்வினா எளியதாகத் தோன்றினும், இதற்குப் பின்னே அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

நெல்லும் துணியும் வாங்குவோர்க்கு இவ்வையம் இந்த அளவு எழுவதில்லை. கணினி வாங்குவோர்க்கு எழுவதற்குக் காரணம் உண்டு. 1965-ஆம் ஆண்டில் கார்டன் மூர் என்னும் அமெரிக்க அறிஞர், ஒரு சில்லில் அடக்கக்கூடிய மின் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருமடங்காகப் பெருகி வருவதைச் சுட்டிக் காட்டினார். 1975-இல் அக்கணிப்பைத் திருத்தி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இருமடங்காகும் என்றார். பல பத்தாண்டுகள் தொழில்துறை அவர் சொன்னதை ஒட்டியே நடந்தது. இன்று வாங்கும் கணினியைவிட அடுத்த ஆண்டுக் கணினி திறன் மிக்கதாக இருக்கும் என்று எல்லோரும் அறிந்திருந்தனர். அந்நிலையில் வாங்குபவன் தயங்குவதில் வியப்பில்லை.

இத்தயக்கத்தை விற்பவர்களும் அறிந்திருந்தார்கள். 1964-ஆம் ஆண்டில் கன்ட்ரோல் டேட்டா என்னும் நிறுவனம், சீமோர் கிரே வடிவமைத்த 6600 என்ற கணினியை வெளியிட்டது. அக்காலத்தில் அதற்கு இணையான வேகம் உடைய கணினி வேறில்லை. அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம், தானும் மிக வேகமான கணினி ஒன்றைத் தரப்போவதாக அறிவித்தது. அவ்வரிசையின் முதல் இயந்திரம் 1967-இல்தான் வாங்கியவரின் கைக்குச் சென்றது. காகிதத்தில் மட்டும் இருந்த இயந்திரத்தைக் காட்டித் தம் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் செய்துவிட்டார்கள் என்று 1968-இல் கன்ட்ரோல் டேட்டா வழக்குத் தொடுத்தது. 1973-இல் அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஐ.பி.எம். தன் துணை நிறுவனம் ஒன்றையே எதிர்த்தரப்புக்குக் கொடுக்க நேர்ந்தது. அறிவிப்பும் ஒரு படைக்கலமாகும் என்பதை உலகம் அன்று கண்டது.

அப்படைக்கலம் எடுத்தவனையே திருப்பித் தாக்கிய கதையும் உண்டு. அக்கதையின் நாயகர் நம் தமிழ்நாட்டு மண்ணில் வளர்ந்தவர் என்பது உங்களில் பலருக்குப் புதுமையாக இருக்கலாம். சேலத்திலிருந்து அரூர் வழியாக வடகிழக்கே சென்றால் திருவண்ணாமலை வரும். இரமண மகரிஷியின் அடியவராய் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் ஆர்தர் ஆஸ்பர்ன். அவருடைய மகன் ஆடம் ஆஸ்பர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை சயாம் நாட்டில் ஜப்பானியரின் காவலில் இருந்தார். தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் அவருக்காகக் காத்திருந்தனர். ஆடம் கொடைக்கானலில் பள்ளிக்கல்வி பெற்று, பின்னர் இங்கிலாந்துக்குச் சென்றார். வேதியியல் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1981-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் 'ஆஸ்பர்ன் 1' என்னும் கணினியை அறிமுகப்படுத்தினார். எடை ஏறத்தாழ 11 கிலோ. திரை 5 அங்குலம். விலை 1,795 டாலர். தையல் இயந்திரப் பெட்டியைப் போல மூடிக் கையில் தூக்கிச் செல்லலாம். எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் வேண்டிய மென்பொருள்களும் அவ்விலையிலேயே அடங்கும். விற்பனை உச்சத்தில் இருந்தபோது திங்களுக்குப் பத்தாயிரம் கணினிகள் விற்றன.

1983-இன் தொடக்கத்தில் 'எக்சிகியூட்டிவ்' என்னும் புதிய மாதிரி வருகிறது என்ற செய்தி வெளிப்பட்டது. அதன் திரை 7 அங்குலம், நினைவகமும் பெரிது. செய்தி கேட்டவர்கள் பழையதை வாங்குவானேன் என்று நின்றுவிட்டனர். விற்பனையாளர்கள் தாம் கேட்டிருந்த சரக்கை வேண்டாம் என்றனர். புதியது கடைக்கு வரவில்லை. பழையது கடையைவிட்டுப் போகவில்லை. ஜூலையில் ஆஸ்பர்ன் 1-இன் விலை 1,295 டாலராயிற்று; ஆகஸ்டில் 995 டாலராயிற்று. அவ்வளவு பெரிய தள்ளுபடியும் மக்களின் மனத்தை மாற்றவில்லை. விலை குறையக் குறைய, இன்னும் குறையும் என்ற எண்ணமே வளர்ந்தது போலும்! செப்டம்பரில் நிறுவனம் நொடித்துவிட்டதாக நீதிமன்றத்தில் விண்ணப்பித்தது. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். முன்கூட்டியே அறிவித்துத் தன் பொருளின் விற்பனையைத் தானே கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்பர்ன் விளைவு' என்று வணிகநூலார் பெயரிட்டனர்.

வரலாறு பயிலும் நீங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வீழ்ச்சிக்கு ஒரே காரணம் கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. 1982-இல் கேப்ரோ நிறுவனம் அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையுடன் கணினி விற்றது. ஐ.பி.எம். கணினியோடு ஒத்தியங்கும் காம்பேக் கணினியும் 1983-இல் கடைக்கு வந்துவிட்டது. ஆகவே, வாங்குவோர் ஆஸ்பர்னின் புதிய மாதிரிக்காக மட்டும் காத்திருக்கவில்லை. பிறருடைய சிறந்த பொருளை நாடியும் சென்றனர். ஆஸ்பர்ன் 1992-இல் இந்தியாவுக்குத் திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார். அவர் செய்த கணினியை இன்று அறிந்தவர் சிலரே. அவர் பெயர் தாங்கிய விளைவை அறிந்தவர் பலர்.

நம் நாட்டிலும் அண்மையில் ஒரு பெருங்காத்திருப்பு நிகழ்ந்தது. 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில், சரக்கு மற்றும் சேவை வரி தீபாவளிக்குள் குறைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். குறைந்த வரி நடைமுறைக்கு வந்த நாள் செப்டம்பர் 22. இடைப்பட்ட ஐந்து வாரங்களில் கார் வாங்க நினைத்தவர் பலர் பொறுத்திருந்தனர். சிறிய கார்களுக்கும் குளிர்சாதனக் கருவிகளுக்கும் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. பொறுத்தவர் பயன் பெற்றனர். மடிக்கணினிக்கோ வரி முன்பும் 18 விழுக்காடு. பின்பும் 18 விழுக்காடு. எல்லாப் பொருளுக்கும் வரி குறையும் என்ற பேச்சை நம்பி மடிக்கணினிக்காகக் காத்திருந்தவர், அவ்வரியால் ஒரு காசும் மிச்சப்படுத்தவில்லை.

காத்திருந்தால் விலை குறைந்தே தீரும் என்பதும் உறுதியன்று. 2011-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகின் வன்தட்டுகளில் பெரும்பங்கு அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் உருவாகிக்கொண்டிருந்தது. அவை நீரில் மூழ்கவே, வன்தட்டின் விலை உலகெங்கும் திடீரென ஏறியது. பண்டிகைத் தள்ளுபடிக்காகப் பொறுத்திருந்தவர்கள், முன்னைய விலைக்கும் பொருள் கிடைக்காமல் திகைத்தனர். இலவு காத்த கிளியின் கதை அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

ஆகவே, என்னை வினவும் மாணவர்களுக்கு நான் கூறுவது இதுதான். புதிய மாதிரி வரும் நாளை அதைச் செய்வோர் வெளியிட்டிருந்தால், அது செய்தி. நாள் குறிப்பிடாமல் வாய்க்கு வாய் பரவினால், அது வதந்தி. செய்திக்காகச் சில வாரம் பொறுப்பது சிக்கனம். வதந்திக்காக மாதக்கணக்கில் பொறுப்பது வீண். இன்றைய கணினி உங்கள் பாடத்திற்குப் போதுமா என்று முதலில் பாருங்கள். போதுமாயின், நாளை வருவது எவ்வளவு விரைவானது என்பது உங்களுக்குப் பெரிய செய்தியன்று.

கணக்கில் சேராத விலை ஒன்றும் உண்டு. காத்திருப்பதால் பணத்தில் சில ஆயிரம் மிஞ்சலாம். ஆனால் அம்மாதங்களில் எழுதாத நிரல்கள், செய்யாத பயிற்சிகள், கல்லாத பாடங்கள் ஆகியவற்றை எந்தக் கடையும் தள்ளுபடியில் திருப்பித் தருவதில்லை. கல்லூரிப் படிப்பு மூன்று அல்லது நான்கு ஆண்டே. அதில் ஓராண்டை நாளை வரும் கணினிக்காக விட்டுக்கொடுப்பதைவிட, இருக்கும் கணினியில் இன்றே கற்கத் தொடங்குவது நன்று.