வரைகலைச் செயலி

திரையில் தெரியும் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தையும் ஒளியையும் கணித்துத் தரும் சில்லு. கணினியின் மையச் செயலி சில கணக்குகளை வேகமாக முடிக்கும். வரைகலைச் செயலியோ ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் நடத்தும். இச்சில்லு பொருத்திய அட்டையை இலங்கைக் கடைகளில் ‘வீஜீஏ காட்’ என்றே கேட்டு வாங்குவர்.

திருகோணமலைத் தொடர்பு: கணினி வரைகலையோடு இம்மாவட்டத்துக்குள்ள உறவு, எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வழியாக வந்தது. 1956இல் இலங்கைக்குக் குடிவந்த அவர், அவ்வாண்டே நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலையின் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் 1622இல் இடித்த திருக்கோணேச்சரக் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டுபிடித்தார்.

கணினி வரைகலையின் வளர்ச்சி கிளார்க்கின் படங்களிலும் தெரிகிறது. இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்குடன் சேர்ந்து அவர் திரைக்கதை எழுதிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்தில் கணினி வரைந்த காட்சி ஒன்றுகூட இல்லை. விண்கலத்துத் திரைகளில் மின்னுபவை கையால் செய்த அசைவூட்டங்கள்; படச்சுருளில் எடுத்து, திரைகளுக்குப் பின்னாலிருந்து ஒளிவீசிக் காட்டினார்கள். தொடர்ச்சிப் படமான ‘2010’ (1984) வந்தபோது நிலைமை மாறியிருந்தது. வியாழனின் சுழலும் மேகங்களை டிஜிட்டல் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் க்ரே எக்ஸ்-எம்பி மீகணினியில் உருவாக்கியது. வொயேஜர் விண்கலம் அனுப்பிய படங்களை மூலமாகக் கொண்டு, பாய்ம ஓட்டச் சமன்பாடுகளால் மேகத்தை நகர்த்தினர்.

அப்படம் குறித்து இயக்குநர் பீட்டர் ஹயம்ஸ் அமெரிக்காவிலிருந்தும் கிளார்க் கொழும்பிலிருந்தும் மோடம் வழியே கடிதம் பரிமாறினர். அவை பின்னர் நூலாயின. இருவரும் பயன்படுத்தியது கேய்ப்ரோ-2 கணினி. ஒன்பது அங்குலப் பச்சைத் திரை, வரிக்கு 80 எழுத்தாக 24 வரி. படம் வரைய அதற்கு வக்கில்லை.

1990இல் வெளியான ‘த கோஸ்ட் ஃப்ரம் த கிராண்ட் பாங்ஸ்’ நாவலில் மண்டல்புரோ கணத்தைக் கதையோடு பின்னினார் கிளார்க். ஓர் எண்ணை வர்க்கித்து, மாறிலி ஒன்றைக் கூட்டி, வருவதை மீண்டும் வர்க்கித்துக்கொண்டே போவதுதான் இக்கணத்தின் விதி. இவ்விதியால் வரையும் படத்தில் ஒரு புள்ளியின் நிறம் பக்கத்துப் புள்ளியைச் சார்ந்திராது. ஆகவே எத்தனை புள்ளிகளையும் ஒரே சமயத்தில் கணிக்கலாம். வரைகலைச் செயலியின் அடிப்படையை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

பிந்திய வளர்ச்சி: உலகின் முதல் வரைகலைச் செயலி என்று என்விடியா நிறுவனம் விளம்பரப்படுத்தியது தன் ஜீஃபோர்ஸ் 256ஐ (1999). 2007இல் வந்த கூடா மென்பொருள் இச்சில்லுகளைப் பொதுக் கணக்குகளுக்கும் திறந்துவிட்டது. 2012இல் அலெக்ஸ்நெட் எனும் நரம்பணு வலையமைப்பு, விளையாட்டுக்கென விற்ற இரண்டு அட்டைகளில் பயிற்றப்பட்டுப் படங்களை இனங்காணும் போட்டியில் வென்றது. 2018இல், ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து படத்தைக் கணிக்கும் ஒளிக்கதிர்த் தடமறிதல், உடனுக்குடன் நடக்கும்படி வீட்டுக் கணினிக்கும் வந்தது. வேகத்தை ஒப்பிட்டால், க்ரே எக்ஸ்-எம்பியின் ஒரு செயலி நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி கணக்குகள் செய்தது. 2022இன் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை, துல்லியம் குறைந்த எண்களில்தான் என்றாலும், 82 லட்சம் கோடி செய்யும். 2024 ஜூனில் என்விடியா சிலகாலம் உலகின் மிக மதிப்புள்ள நிறுவனமாக இருந்தது. ஏஎம்டி, இன்டெல் ஆகியனவும் இச்சில்லுகளைச் செய்கின்றன.

மாவட்டத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் கற்பிக்கப்படுகிறது.