கேள்வி கேட்டவர்களின் கணினி வரலாறு

கணினியின் வரலாறு என்றால் எங்கட ஆட்களுக்கு இரண்டு மூன்று பெயர்கள்தான் நினைவுக்கு வரும். பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜொப்ஸ். கொஞ்சம் விசயம் தெரிந்தவர் என்றால் லினஸ் டோர்வால்ட்ஸையும் சொல்லுவார். செய்தவர்களைப் பற்றியும் விற்றவர்களைப் பற்றியும் புத்தகம் புத்தகமாக எழுதியாயிற்று. "எனக்கு இது விளங்கேல்லை, ஆராவது சொல்லித் தாங்கோ" என்று கேட்டவர்களைப் பற்றித்தான் எழுத ஆளில்லை.

நான் ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை செய்கிறவன். பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருசத்தோடு விட்டுவிட்டு 2001இல் ஜேர்மனிக்கு வந்தவன். உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு லினக்ஸ் பாவனையாளர் குழுவில் பல வருசம் தொண்டனாக இருந்து, பெரும்பாலும் மற்றவர்களுக்காகக் கேள்வி கேட்டவன் என்பதுதான் தகுதி. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது கணினி வரலாறு கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் 1955க்குப் போவோம். அமெரிக்காவில் ஐபிஎம் 704 என்ற பெரிய கணினியை விமானக் கம்பனிகள் வாங்கத் தொடங்கிய காலம். இயந்திரம் வரும், ஆனால் அதில் ஓடுவதற்கு மென்பொருள் என்று பெரிதாக ஒன்றும் கூட வராது. ஒவ்வொரு கம்பனியும் ஒரே கணக்குக்கு ஒரே நிரலைத் தனித்தனியே எழுதி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துப் பாவனையாளர்கள் ஒன்றாக இருந்து கதைத்து 'ஷெயர்' என்ற குழுவை அமைத்தார்கள். வியாபாரத்தில் போட்டிக்காரர்கள், மேசையில் ஒருவருக்கொருவர் உதவிக்காரர்கள்! கணினிப் பாவனையாளர் குழு என்ற எண்ணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இருபது வருசம் கழித்து, 1975 மார்ச் 5இல், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கராஜில் ஹோம்ப்ரூ கணினிக் கழகத்தின் முதல் கூட்டம் நடந்தது. ஸ்டீவ் வொஸ்னியாக் அங்கே போனவர். தன் முதல் ஆப்பிள் கணினியை அந்தக் கழகத்து ஆட்களுக்குத்தான் காட்டினார். ஜேர்மனியில் 1981 செப்டெம்பர் 12இல், பேர்லினில் 'ராட்ஸ்' பத்திரிகை அலுவலகத்தின் மேசையைச் சுற்றி இருந்து கேயொஸ் கொம்பியூட்டர் கிளப்பைத் தொடங்கினார்கள். 1984இல் ஜேர்மன் யுனிக்ஸ் பாவனையாளர் குழு வந்தது. இந்த நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்பது சட்டம். ஏழு பேர் கிடைத்தால் முயல் வளர்க்கிறவனும் சங்கம் வைப்பான், லினக்ஸ் பாவிக்கிறவனும் சங்கம் வைப்பான்.

இனி லினஸிடம் வருவோம். அவர் 1991 ஓகஸ்ட் 25இல் எழுதியதை எல்லாரும் ஒரு பிரகடனம் மாதிரிச் சொல்லுவார்கள். எடுத்துப் படித்துப் பார்த்தால் அது ஒரு கேள்வி! ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவன், 21 வயது. மினிக்ஸ் பாவிக்கிறவர்கள் கூடும் இடத்தில் போய், பொழுதுபோக்காக ஒன்று செய்கிறேன், மினிக்ஸில் உங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்கிறார். அதற்கும் முன்னர், ஜூலை தொடக்கத்தில், பொசிக்ஸ் நியமங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர். பிறகு அவருடைய வேலையை மற்றவர்கள் இறக்கிக்கொள்ள சேர்வரில் இடம் கொடுத்தவர் ஆரி லெம்கே என்பவர். அந்த இடத்துக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஐந்து வருசம் கழித்து அதே கதை ஜேர்மனியில். 1996 ஒக்ரோபர் 14இல் ரூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிஷ், லினக்ஸ் ஆட்களிடம் ஓர் அழைப்பு விடுத்தார். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, சாதாரண ஆளால் பாவிக்க முடியாது, எல்லாம் ஒரே சீராக இருக்கும் மேசைத்தளம் ஒன்று செய்யப் போகிறேன், நிரலர்கள் தேவை என்பது அதன் சாரம். தனியே முடியாது என்று தெரிந்துதான் கேட்டார். 1997 கோடை கடைசியில் நோட்ரைன் வெஸ்ற்பாலன் மாநிலத்து ஆர்ன்ஸ்பேர்க்கில் அந்த ஆட்கள் நேரில் கூடினார்கள். 1998 ஜூலை 12இல் கேடிஈயின் முதல் பதிப்பு வெளிவந்தது. நான் முதன்முதலில் தமிழ் எழுத்தை லினக்ஸில் பார்த்தது அந்தக் கேடிஈயில்தான்.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் விசயம் என்று நினைக்க வேண்டாம். 90களின் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாவனையாளர் குழு என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடினோம். இதற்கெல்லாம் கையேடு எழுதிய கம்பனி எது? சந்தியில் நின்று "அண்ணை, உங்கட சைக்கிள் எப்பிடி ஓடுது, எனக்கும் சொல்லுங்கோ" என்று கேட்டுத்தான் ஒழுங்கைக்கு ஒழுங்கை அந்த அறிவு பரவியது. சொன்னவர் காசு கேட்கவில்லை. கேட்டவர் வெட்கப்படவும் இல்லை.

தமிழ் கணினிக்குள் வந்ததும் அப்படித்தான். சுவிற்சர்லாந்தில் லோசானில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 90களில் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகத்தின் மூலைமுடுக்கில் இருந்தவர்கள் வேலை முடிந்து வந்து பழைய இலக்கியங்களைச் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள். இங்கே கேல்ன் பல்கலைக்கழகத்தில் தோமஸ் மால்ட்டன் முதலானோர் தமிழ் அகராதியை இணையத்தில் தேடக்கூடியதாக ஆக்கினார்கள். 2009 ஒக்ரோபரில் தமிழ் இணைய மாநாடு அதே கேல்னில்தான் நடந்தது.

இவர்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "எனக்குப் பெட்டி பெட்டியாத் தெரியுது." "உங்கட எழுத்துருவில வந்த கடிதம் என்ர கணினியில வாசிக்க ஏலாமல் கிடக்கு." ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு என்றிருந்த காலம் அது. 'பெட்டி தெரியுது' என்று திரும்பத் திரும்பச் சொன்ன சனம் இல்லாவிட்டால், ஒரு பொதுக் குறியீடு வேண்டும் என்று பாடுபட்டவர்களுக்கு அந்த அவசரம் வந்திருக்குமா?

என் பங்குக்கு நான் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன். 2005 கடைசி. எங்கள் ஊர்ச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ நாலு பழைய கணினிகளைத் தந்தார்கள். விண்டோஸ் வாங்கக் காசில்லை, லினக்ஸ் போட்டோம். சோதனைத் தாள் அடிக்க ரீச்சர் இருந்தா. 'கொக்கு' என்று அடித்தால் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு நின்றது. "தம்பி, இதைப் பிள்ளையளுக்குக் குடுத்தால் எழுதத் தெரிஞ்சதும் மறந்து போகும்" என்றா ரீச்சர்.

எங்கள் ரெஸ்ரோரண்டுக்குத் திங்கள் லீவு. லினக்ஸ் குழுவின் மாதக் கூட்டமும் (இவர்கள் 'ஸ்ரம்டிஷ்' என்பார்கள்) ஒரு திங்கள் இரவுதான். போனேன். அங்கே கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்தப் பதிப்பு? என்ன செய்தாய்? என்ன வரும் என்று எதிர்பார்த்தாய்? உண்மையில் என்ன வந்தது? இந்த நாலுக்கும் பதில் இல்லாமல் "வேலை செய்யேல்லை" என்று மட்டும் சொன்னால் ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். சைமன் ரதாம் 1999இலும் எரிக் ரேமண்ட் 2001இலும் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகளை ஜேர்மன்காரர் வேதம் மாதிரி வைத்திருந்தார்கள்.

என் ஜேர்மன் அப்போது குசினி ஜேர்மன். அதனால் கடதாசியில் வரைந்தேன். யுனிகோட்டில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு. சொல்லும் ஒழுங்கில் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது மென்பொருள் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். ஜேர்மன் எழுத்தில் இரண்டு புள்ளி தலைக்கு மேல் பேசாமல் இருக்கும், அதனால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிது. ஓய்வுபெற்ற ஒரு பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றி அந்தக் கடதாசியைக் கிட்ட வைத்துப் பார்த்தார். இரண்டு மணித்தியாலம் நாலு பேர் மினக்கெட்டார்கள். அந்த விதிகள் உள்ள தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவவேண்டும்; ஓப்பன் ஒபிசின் மொழி அமைப்பில் இப்படியான எழுத்துகளுக்கென்று இருக்கும் கட்டத்தில் சரி போட வேண்டும். அவ்வளவுதான். கொக்கு நேராக நின்றது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம்: கேட்டவர் பதிலை எழுதி வைக்க வேண்டும். அதுதான் கூலி. நான் ஜேர்மனில் அரைப்பக்கம், தமிழில் அரைப்பக்கம் எழுதினேன். சில மாதம் கழித்து ஓர் ஈரானிய மாணவர் பாரசீக எழுத்து ஒழுங்காக வரவில்லை என்று வந்தார். என் அரைப்பக்கத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அதே கட்டம், அதே சரி! ரீச்சருக்காகக் கேட்ட கேள்வி தெஹ்ரான் பொடியனுக்கு உதவியது.

இதில் எனக்கு முக்கியமான விசயம் வேறொன்று. அகதியாக வந்தவனுக்குக் கேட்பது என்பதே கசந்துபோன வேலை. விசாவுக்குக் கேட்க வேண்டும், வேலை அனுமதிக்குக் கேட்க வேண்டும். 1982இல் வந்த சட்டப்படி அகதி விண்ணப்பம் கொடுத்தவன் தன் மாவட்ட எல்லையைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2015இல்தான் அது பெரிதாகத் தளர்ந்தது. கந்தோர்களில் என்னை மரியாதையாக 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டார்கள். கதவோ திறக்கவில்லை. அந்த மேசையில் முதல் நாளே 'நீ' என்றார்கள், கதிரையை இழுத்துப் போட்டார்கள். கந்தோரில் என் கேள்வி ஒரு கோவைக்குள் போய்ப் படுத்துவிடும். இங்கே என் கேள்வியே ஒரு வேலையாக மதிக்கப்பட்டது.

எங்கட சனம் கேட்பதற்கு வெட்கப்படுகிறது. தகப்பன் மகனிடம் இரகசியமாகக் கேட்பார், மகன் அலுப்போடு செய்து கொடுப்பான், விசயம் அந்த வீட்டோடு முடிந்துவிடும். அடுத்த வீட்டுக்காரரும் அதே பிரச்சினையோடு இருப்பார். இப்போது கைத்தொலைபேசியில் செயற்கை அறிவிடம் தனியே கேட்கிறோம், பதில் வருகிறது, நல்லது. ஆனால் அந்தப் பதிலும் எங்கோ யாரோ பலர் அறியக் கேட்டு, யாரோ தொண்டர் பதில் எழுதி வைத்ததையும் படித்துத்தான் வருகிறது. தமிழில் அப்படிக் கேட்டு எழுதி வைத்தது மிகக் குறைவு. தனியே கேட்டுக்கொண்டே போனால் அது இன்னும் குறையும்.

ஆகவே சங்கங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தொண்டு செய்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. தெரிந்ததைச் செய்து கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். தெரியாததை நாலு பேர் முன்னால், அந்த நாலு விபரத்தோடு, தமிழிலும் கேளுங்கள். விடை கிடைத்தால் அரைப்பக்கம் எழுதி வையுங்கள். அதை வாசிக்கப் போகிறவர் யார் என்று உங்களுக்கு ஒருநாளும் தெரிய வராது, அது பரவாயில்லை.

சரி, நாளைக்குக் காலமை வெங்காயம் வெட்ட வேண்டும். மிச்சம் பிறகு.