தேயிலைத் தவறணையில் நீரும் உரமும்

தேயிலை இலங்கைக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் விதைப் பயிராகத்தான் வந்தது. 1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டவை விதைக் கன்றுகள். இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபின் மலைநாடெங்கும் தேயிலை பரவியதும் விதையால்தான். விதைகளைத் தண்ணீரில் கொட்டி, மிதந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மூழ்கியவற்றை மட்டுமே முளைக்க விட்டார்கள்.

அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்க்கும் செடி என்பதால், ஒரே தாயின் விதைகள்கூட ஒன்றுபோல் வளர்வதில்லை. ஒரு செடி கொழுந்தை அள்ளித் தரும். பக்கத்துச் செடி அதில் பாதிகூடத் தராது. நல்ல செடியை அதே குணத்தோடு பெருக்குவதற்கு, அதன் கிளையையே வேர்விடச் செய்வதைத் தவிர வேறு எளிய வழியில்லை. 1925-இல் நிறுவப்பட்டு, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் எஃப். ஆர். டப்ஸ் இந்த முறையை ஆராய்ந்தார். அஸ்ஸாமின் டோக்லாய் நிலையம் 1949-இல் டி.வி. 1, 2, 3 என்னும் முதல் மூன்று தெரிவு வகைகளை வெளியிட்டது. தலவாக்கலையிலிருந்து வந்த டி.ஆர்.ஐ. 2024, 2025, 2026 போன்ற வகைகள் பின்னர் இலங்கைத் தோட்டங்களில் பரவலாக நடப்பட்டன. விதைத் தேயிலையிலிருந்து பிரித்துச் சொல்ல, இவற்றைத் தோட்டங்களில் ‘வி.பி. தேயிலை’ என்றார்கள்.

இந்த முறைக்கு ஓர் இலையும், அதன் கக்கத்தில் ஒரு மொட்டும், அதற்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்டும் போதும். கவ்வாத்து வெட்டிச் சில மாதங்கள் கொழுந்து எடுக்காமல் விட்ட தாய்ச்செடியின் நெடுங்கிளைகளே இதற்கு ஏற்றவை. அவற்றின் இளநுனியும் முற்றிச் சிவந்த அடிப்பகுதியும் ஆகாது, நடுப்பகுதிதான் வேர்விடும். வெயில் ஏறுமுன் கிளைகளை வெட்டி, வாடாமல் தண்ணீரில் போட்டு, கூரிய கத்தியால் சாய்வாக நறுக்குவார்கள். மொட்டு மண்ணுக்குச் சற்று மேலே நிற்கும்படியும், இலை மண்ணைத் தொடாதபடியும் துண்டை ஊன்றுவது வழக்கம்.

ஊன்றிய துண்டுக்கு வேர் இல்லை. ஆனால் இலை வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் தொடக்க காலத் தவறணைகளின் (கன்று வளர்க்கும் நாற்றங்கால்களின்) பாடு முழுவதும் தண்ணீரைச் சுற்றியே இருந்தது. பாத்திகளுக்கு மேல் பன்னத் தழையால் நிழல் கட்டி, பூவாளியால் ஒரு நாளில் பலமுறை மெல்லத் தெளிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் குறைந்தால் இலை சுருண்டு உதிரும். மிஞ்சினால் தண்டின் அடி அழுகும். இலையை இழந்த துண்டு பெரும்பாலும் பிழைப்பதில்லை. வேர்விடத் தேவையான உணவைத் தயாரித்துத் தருவது அந்த ஓர் இலைதான்.

மண்ணும் அதே அளவு முக்கியம். தேயிலைக்கு அமில மண் வேண்டும். கார அமில நிலை 5-ஐ ஒட்டி இருப்பது நல்லது. அது உயர்ந்தால் தண்டின் வெட்டுவாயில் வெண்ணிறத் திசு திரண்டு பருக்குமே தவிர, வேர் இறங்காது. அத்தகைய மண்ணை அலுமினியம் சல்பேட் கரைசலால் பதப்படுத்தும் வழக்கம் இதனால் வந்தது. வேர்தூண்டும் இன்டோல் பியூட்டிரிக் அமிலத்தின் ஆற்றல் 1935-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. ஆயினும் பொருத்தமான துண்டும் மண்ணும் நிழலும் அமைந்தால் அதன் உதவியின்றியே தேயிலை வேர்விட்டுவிடும். ஆகவே சாதாரணத் தவறணைகளுக்கு அது இன்றியமையாததாகவில்லை.

பாலித்தீன் வந்தபின் தவறணையின் தோற்றமே மாறியது. பாத்திக்குப் பதிலாக நீண்ட பாலித்தீன் பைகள் வந்தன. பையின் அடியில் முக்கால் பங்குக்கு மண் மிகுந்த கலவையும், மேல் கால் பங்குக்கு மண்ணும் மணலும் சம அளவாகக் கலந்ததும் நிரப்பப்பட்டன. மேல்மணல் நீரை வடித்து வேர்விட உதவும். வேர் இறங்கியபின் அடிமண் வளம் தரும். பைகளுக்கு மேல் வளைத்துக் கட்டிய பாலித்தீன் கூடாரத்தில் ஆவியாகும் நீர் மறுபடி துளித்துளியாக மண்ணிலேயே விழுந்தது. அதனால் தினமும் பூவாளி தூக்கும் வேலை பெரிதும் குறைந்தது.

உரத்தின் முறை இதற்குப் பிறகுதான் வரும். வேரில்லாத துண்டால் உரத்தை எடுத்துக்கொள்ள முடியாது; மண்ணில் தேங்கும் உப்பு வெட்டுவாயைக் கருக்கவும் கூடும். துண்டு வேர்பிடிக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதன்பின் கூடாரத்தைச் சிறிது சிறிதாகத் திறந்து, கன்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்குவார்கள். அடுத்தே நீரில் கரைத்த ஊட்டக்கலவை மெல்லிய அளவில் ஊற்றப்படும். தென்னிந்தியத் தவறணைக் கலவையில் அமோனியம் பாஸ்பேட்டோடு பொட்டாஷ், மெக்னீசியம் சல்பேட், துத்தநாக சல்பேட் ஆகியவை சேரும். இரு வாரத்துக்கு ஒருமுறை தெளித்து, இலையில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது நடைமுறை. நிழலையும் படிப்படியாகக் குறைத்தால், ஏறத்தாழ ஓராண்டில் கன்று மலைக்குப் போகத் தயாராகும்.

நீலகிரியிலும் வால்பாறையிலும், தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக இம்முறை வேரூன்றியது. பாண்டியன், சுந்தரம், ஆத்ரேயா, கோல்கொண்டா ஆகிய தெரிவு வகைகள் அங்கு உருவானவை. ஆனால் துண்டிலிருந்து வந்த செடிக்கு விதைக்கன்றைப் போல ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்களே படர்வதால் வறட்சியில் அது சீக்கிரம் துவளும். இக்குறையைத் தீர்க்க, வறட்சி தாங்கும் வகையின் துண்டின்மேல் அதிக விளைச்சல் தரும் வகையின் துண்டை ஒட்டுகிறார்கள். இரண்டையும் புதிதாக வெட்டிய நிலையிலேயே இணைத்துப் பையில் ஊன்றுவதால், ஒட்டு கூடுவதும் வேர் இறங்குவதும் ஒரே கூடாரத்துக்குள் ஒரே காலத்தில் நடந்துவிடுகின்றன. தெரிவு வகைகளைக் கலந்து பெறும் விதைகளும் இன்று வழங்கப்படுகின்றன. வறண்ட சரிவுகளில் ஆணிவேருக்கு இன்னும் தேவை இருக்கிறது.