பந்து கிண்ணத்தில் உட்காராவிட்டால்... பச்சிளம் குழந்தைகளின் இடுப்பு ஸ்கேன் வரலாறு

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவருக்கு வாழைத்தார் சுமந்து வரும் குடும்பங்கள் பல. காவிரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் போக, தவித்த ரத்னாவதிக்கு ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். சுகப்பிரசவம் ஆனால் கவலை தீர்ந்தது என்பதுதான் இன்றும் பலரின் நினைப்பு. ஆனால் வலியே இல்லாமல் ஒளிந்திருக்கும் ஒரு குறை உண்டு!

இடுப்பு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணம். சில குழந்தைகளுக்குக் கிண்ணம் ஆழமில்லாமல் பந்து நழுவும். குழந்தை அழாது. நடக்கத் தொடங்கி, விந்தும்போதுதான் வீட்டில் கவனிப்பார்கள். அதற்குள் காலம் கடந்து, பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆறு மாதத்துக்குள் தெரிந்தால், 1940களில் செக் மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் வடிவமைத்த துணிப்பட்டையே பெரும்பாலும் போதும்.

முதலில் கைதான் கருவி. 1937ல் இத்தாலியின் ஒர்டோலானியும், 1962ல் இங்கிலாந்தின் பார்லோவும் தொடையை அசைத்துப் பார்க்கும் சோதனைகளை வெளியிட்டார்கள். பார்லோ கணக்கில், ஏறக்குறைய 60 குழந்தைகளில் ஒன்றுக்கு மூட்டு தளர்வு. அவற்றில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே தானாகச் சரியாகிவிட்டன. அப்படியானால் யாருக்கு சிகிச்சை? கை அதற்குப் பதில் சொல்லாது. எக்ஸ்ரேயும் உதவாது, பிறந்த குழந்தையின் பந்து இன்னும் குருத்தெலும்புதான், படத்தில் விழாது.

1958ல் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் கர்ப்பிணிகளின் வயிற்றை ஒலி அலையால் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அதே அலையை 1980ல் ஆஸ்திரியாவின் ரெய்ன்ஹார்ட் கிராஃப் குழந்தையின் இடுப்பில் செலுத்தினார். குருத்தெலும்பு தெரிந்தது! கிண்ணத்தின் கோணம் 60 டிகிரிக்குக் குறையாவிட்டால் நல்ல மூட்டு. 1992ல் ஆஸ்திரியாவும் 1996ல் ஜெர்மனியும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஸ்கேனைக் கொண்டுவந்தன. பிரிட்டன் அப்படிச் செய்யவில்லை. வயிற்றில் கால் கீழாக இருந்த குழந்தை, குடும்பத்தில் இக்குறை உள்ள குழந்தை போன்றோருக்கு மட்டும் ஸ்கேன். தேவையில்லாத சிகிச்சை கூடுமோ என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

இந்தியாவில் இதே இயந்திரத்தின் கதை வேறு. வயிற்றில் இருப்பது பெண் என்று கண்டுபிடித்து அழிக்க அது பயன்பட்டது. 1994ல் தடைச் சட்டம் வந்தது. ஸ்கேன் மையங்கள் பதிவு செய்வது கட்டாயமானது. வேதனையான முரண் என்னவென்றால், இடுப்புக் குறை அதிகம் வருவதும் பெண் குழந்தைகளுக்குத்தான். பெண்ணை அழித்த கருவியே பெண்ணின் நடையைக் காக்கும் கருவி!

2013ல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பிறவிக் குறைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஆனால் அங்கே முதல் சோதனை கைதான். எல்லோருக்கும் ஸ்கேன் இல்லை.

வீட்டிலும் செய்ய ஒன்று உண்டு. கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றுவது மூட்டுக்குக் கெடுதல். 1970களில் ஜப்பான் அந்தப் பழக்கத்தை மாற்றப் பிரசாரம் செய்து, குறையைப் பெருமளவு குறைத்தது. ஸ்ரீரங்கத்து வீதிகளில் பாட்டிகள் பேரப்பிள்ளையை இடுப்பில், கால்களை அகட்டி வைத்துத் தூக்கிப் போகிறார்களே, அந்த நிலையில் பந்து கிண்ணத்துக்குள் நன்றாகப் பொருந்தும். ஆனால் நழுவிய மூட்டைக் கண்டுபிடிக்கப் பாட்டியின் இடுப்பு போதாது. தாய் கால் கீழான பிரசவம் கண்டிருந்தால், ஆறாவது வாரத்துக்குள் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இடுப்பைப் பார்த்துட்டீங்களா டாக்டர்?"