துறையில் அடங்காத ஓசை

கப்பல் துறை சேர்ந்து கயிறு கட்டியதும் அதன் இயந்திரங்கள் ஓய்ந்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். கப்பலை உந்தும் பெரிய இயந்திரம் ஓய்வது மெய்யே. ஆயினும் விளக்கு, நீர்ப் பம்பு, காற்றாடி, சமையற்கட்டு, குளிரூட்டிய சரக்குப் பெட்டிகள் ஆகிய யாவும் மின்சாரத்தால் இயங்குவன. அம்மின்சாரத்தை ஆக்கும் டீசல் ஜெனரேட்டர்கள், கப்பல் கட்டுண்டு கிடக்கும் காலமெல்லாம், இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். புகைபோக்கி வழியே எழும் அவற்றின் ஓசை தாழ்ந்த சுருதியுடையது. அது நெடுந்தூரம் செல்லும். சன்னலை அடைத்தாலும் சுவரை ஊடுருவி உள்ளே வரும். துறைமுகத்தை அடுத்து வாழ்வோரின் உறக்கத்தைக் கெடுப்பது இதுவே.

நிலக்கரிக் காலத்தில் நெடுநாள் துறையில் தங்கும் கப்பலின் உலைகளை அணைத்துவிடுவர். கொதிகலனும் இயந்திரமும் மெல்ல மெல்ல ஆறி வெறும் இரும்பாய்க் கிடக்கும். கப்பலோர் அந்நிலையைக் 'குளிர்ந்த இரும்பு' என்றனர். கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம் வழங்கும் முறைக்கு ஆங்கிலத்தில் இன்றும் அப்பெயர் வழங்குகிறது. உலை போயிற்று, பெயர் மட்டும் நின்றது!

கப்பலுக்குள் மின்சாரத்தின் தேவை பெருகப் பெருக, கப்பல் தானே ஒரு மின்நிலையமாயிற்று. அதன் ஆற்றலுக்கு ஒரு சான்று உண்டு. 1929இல் மழை பொய்த்து, அமெரிக்காவின் டக்கோமா நகருக்கு மின்சாரம் தந்த நீர்த்தேக்கங்கள் வறண்டன. அந்நாட்டுக் கடற்படையின் 'லெக்சிங்டன்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அவ்வாண்டு டிசம்பரில் அத்துறையில் நின்று, 1930 ஜனவரி நடுப்பகுதிவரை நகருக்கு மின்சாரம் ஈந்தது. அன்று கப்பல் கரைக்கு விளக்கேற்றியது. இன்று கேட்கப்படுவது அதன் மறுதலையே. பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று துறையில் நிற்கும்போதே சுமார் 10,000 கிலோவாட் மின்சாரத்தை வேண்டும்.

இதில் வழிகாட்டிய நாடுகளுள் சுவீடன் முதன்மையானது. அந்நாட்டின் கோத்தன்பர்க் துறைமுகம் 1989இல் ஜெர்மனிக்குச் செல்லும் பயணிகள் கப்பல்களுக்குக் குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அம்முறையில் கனத்த கேபிள்கள் பலவற்றை இழுத்து மாட்ட வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் அங்கேயே சரக்குக் கப்பல்களுக்கு உயர் மின்னழுத்த இணைப்பு அமைந்தது. மாட்டும் வேலை வெகுவாகக் குறைந்தது. இம்மாற்றத்துக்குத் தூண்டுகோலாய் நின்றது, தன் சரக்கு தூய முறையில் செல்லவேண்டும் என விரும்பிய ஒரு காகித நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் இஃது இஸ்திரிப் பெட்டியைச் சுவரில் செருகுவது போன்ற எளிய காரியமன்று. பெரும்பாலான பெருங்கப்பல்களின் மின்சாரம் நொடிக்கு 60 அலைவு உடையது. ஐரோப்பாவிலும், மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலும் கரை மின்சாரம் 50 அலைவே. ஆகவே இடையில் விலைமிக்க மாற்றுக்கருவி வேண்டும். அமெரிக்காவுக்கு இத்தொல்லை இல்லை. அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2001இல் தன் உபரி நீர்மின்சாரத்தை உல்லாசக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கியதற்கு அதுவும் துணையாயிற்று. இணைப்புக்கான உலகப் பொதுத்தரம் 2012இல்தான் வெளிவந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் வரலாறு வேறு வகையினது. அங்கே கப்பல் நிறுவனம் ஒன்றுக்காகப் புதிய முனையம் கட்டப்படுவதை எதிர்த்து, துறையை அடுத்த சான் பெட்ரோ குடியிருப்பாளரும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினரும் 2001இல் வழக்குத் தொடுத்தனர். 2003இல் உடன்பாடு ஏற்பட்டது. 2004இல் அம்முனையம் கரை மின்சார வசதியுடன் இயங்கலாயிற்று. குடிமக்கள் நீதிமன்றம் ஏறியிராவிட்டால் துறைமுகம் தானே முன்வந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. பின்னர் கலிபோர்னியா மாநிலம் 2007இல் விதி இயற்றி, 2014 முதல் கப்பல் நிறுவனங்கள் தம் வருகைகளில் பாதியிலேனும் ஜெனரேட்டரை நிறுத்தவேண்டும் என்றது. அப்பங்கு 2020இல் நூற்றுக்கு 80 ஆக உயர்ந்தது.

இவ்விதிகள் யாவும் புகையைக் கருதி எழுந்தவை. ஓசை அடங்கியது அவற்றின் உடன்விளைவே. 2014இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கப்பல் இரைச்சல் விதித்தொகுப்பு, கப்பலுக்குள் உள்ள மாலுமிகளின் செவியைக் காக்கிறது; கரையில் படுத்திருப்பவரைப் பற்றி அது பேசவில்லை. மேலும், வழக்கமான இரைச்சல் அளவீட்டு முறை மனிதச் செவியின் இயல்பை ஒட்டித் தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தே கணக்கிடுகிறது. ஆகவே அளவுக்கு உட்பட்டதாக ஏட்டில் பதிவான இரவிலும் மக்கள் உறக்கமின்றிப் புரளக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல், முக்கியத் துறைமுகங்களில் தங்கும் பெரிய பயணிகள் கப்பல்களும் சரக்குப்பெட்டிக் கப்பல்களும் கரை மின்சாரம் பெறவேண்டும் எனச் சட்டம் செய்துள்ளது. அதன் நோக்கமும் காற்றின் தூய்மையும் பருவநிலையுமே. கேபிள் மாட்டிய பின்னரும் கப்பலின் காற்றாடிகளும் கரையின் பாரந்தூக்கிகளும் ஓடும். எனினும் புகைபோக்கியின் தாழ்ந்த உறுமல், கப்பல் புறப்படும் வேளை நெருங்கி ஜெனரேட்டர்களை மீண்டும் கிளப்பும்வரை எழாது.