மட்டக்களப்பு வாவியின் பாட்டு

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பக்கம், நிலவு காயும் அமைதியான இரவுகளில் நீருக்கு அடியிலிருந்து மெல்லிய இசையொலி எழும் என்பது பழைய செய்தி. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என ஊர்கள் நிரையாக அமைந்த இந்த நாட்டுக்கு 'மீன் பாடும் தேன்நாடு' என்ற பெயர், இவ்வொலியை மீன்களின் பாட்டெனக் கருதியதால் வந்தது.

1848 செப்டெம்பரில் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி ஒல்லாந்தர் கோட்டைக்கு அருகே தோணியில் சென்று அதைக் கேட்டார். தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி இன்னும் வலுத்தது. ஒரே சுரமல்ல, பல சுரங்கள். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்தை ஒத்தவை என்று எழுதினார். மீனவர்கள் அவரிடம் மீனைச் சொல்லவில்லை. ஊரி என்னும் சிப்பி வகை உயிரிதான் ஒலிக்கிறது, தங்கள் தகப்பன்மாரும் இதை அறிவார்கள் என்றார்கள். மீன் கதையைவிட இந்தச் சாட்சியமே பெறுமதியானது: வாவியோடு பிழைத்தவர்களின் சொல் அது.

1950களில் அமெரிக்க யேசு சபைக் குருவான லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது.

மீன்கள் ஒலியெழுப்புவது வேறிடத்தில் உறுதியாகியிருக்கிறது. கலிபோர்னியாவின் சௌசலிட்டோவில் படகுவீட்டுக்காரரை 1980களில் தூங்கவிடாத இரைச்சலுக்குத் தேரைமீன் குடும்பத்து ஆண்மீன்களே காரணம் எனக் கண்டறியப்பட்டது. காற்றுப்பையை ஒட்டிய தசையை அதிரவைத்து அவை பெண்மீனை அழைக்கின்றன. ஆனால் மட்டக்களப்பு ஒலிக்கு உரிய உயிரி எதுவென்று இன்னும் உறுதியாகவில்லை.