தென்னாப்பிரிக்க நீலமலர்ச் செடிகள்

தென்னாப்பிரிக்க நீலமலர்ச் செடிகள் என்பவை, அத்தேசத்தின் மலைச்சரிவுகளிலும் புதர்க்காடுகளிலும் தோன்றி, கப்பலேறிப் பல தேசத்து உத்தியானங்களிலும் குடியேறிய பல்லாண்டுத் தாவரங்கள். இவற்றுள் தமிழ்நாட்டில் பழக்கமானவை இரண்டு: உதகை, கொடைக்கானல் முதலிய மலைநகர்களின் அகபாந்தஸும், சமவெளி வீட்டு வேலிகளின் நீலக் கொடிவேலியும்.

1652-ஆம் ஆண்டில் டச்சுக் கம்பெனியார், கீழ்த்திசைக்குச் செல்லும் கப்பல்கள் நீரும் காய்கறியும் பெறுவதற்காக நன்னம்பிக்கை முனையில் ஒரு துறையை அமைத்ததிலிருந்தே இச்செடிகளின் பிரயாணம் தொடங்குகிறது. அகபாந்தஸைப் பற்றிய வர்ணனை 1679-இல் ஐரோப்பாவில் அச்சேறியது; 1692-இல் இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் அது பூத்தது. 1753-இல் லின்னேயஸ் அதனை விஷமூங்கிலின் இனத்தோடு சேர்த்து எழுத, அந்நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே தனிப் பேரினமாகப் பிரித்தார். கொடிவேலியின் நீலவகைக்கு லாமார்க் 1786-இல் பெயரிட்டார். நன்னம்பிக்கை முனையைச் சூழ்ந்த கேப் பிரதேசத்தில் செடிகள் சேகரித்துவிட்டு, 1777-இல் இலங்கைக்கும் வந்து சென்ற ஸ்வீடன் தேசத்துத் துன்பெர்க், 1794-இல் அதற்கே வேறொரு பெயர் சூட்டினார். நர்சரிக்காரர் பலர் இன்றும் அப்பிந்திய பெயரையே விடாமல் வழங்குகின்றனர்.

கேப் முழுவதும் ஒரே சீதோஷ்ணம் என்று எண்ணுபவர் இச்செடிகளை வளர்ப்பதில் ஏமாற்றமடைவர். மேற்கே குளிர்காலத்தில் மழை. கிழக்கே கோடையில் மழை. மேற்கத்திய அகபாந்தஸ் ஆப்பிரிக்கானஸ் என்றும் பசுமையானது, தோட்டத்தில் எளிதில் வசப்படாதது. அப்பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைப் பக்கத்துப் பிரேகாக்ஸ் என்னும் இனமே. கிழக்கு மலைகளின் காம்பானுலாட்டஸ் குளிரில் இலைகளை உதிர்த்து, மண்ணுக்குள் கிழங்களவில் உறங்கும். ஆகவே உறைபனி விழும் நாடுகளுக்கு உகந்தது. நியூசிலாந்திலும் மதீராத் தீவிலும் பிரேகாக்ஸ் எவர் தயவுமின்றித் தானே பரவி, நியூசிலாந்தில் களையென்ற பழியையும் ஏற்றுவிட்டது. 1848-இல் தோட்டக்கலைஞர் மக்ஐவர் பொறுப்பேற்று உருவாக்கிய தாவரவியல் பூங்காவைக் கொண்ட உதகையில், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தின் குளிர்ச்சி அகபாந்தஸுக்கு இதமானது.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த, கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்திலுள்ள அருமனையின் நிலைமை முற்றிலும் வேறு. இருபருவ மழையும் பெறும் இந்த ரப்பர் பூமியில், குளிர்காலம் என்று சொல்லத்தக்கதொன்று இல்லாமையால், அகபாந்தஸ் கிழங்கை மலையிலிருந்து ஆசையோடு கொண்டுவந்து நடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இலைக்கொத்துதான். நீலக் கொடிவேலியோ இவ்வூருக்கு ஏற்ற செடி. வைத்தியர்கள் வேருக்காகப் போற்றும் வெள்ளைக் கொடிவேலிக்கும் செங்கொடிவேலிக்கும் இது உறவினம். பூவின் அடிப்புறத்துப் பசைச் சுரப்பிகள் வழிப்போக்கரின் உடையில் ஒட்டிக்கொள்ளும் சுபாவமும் இவற்றுக்குப் பொது. அயலிலுள்ள கேரளத்தில், செல்வத்தைப் பெருக்கும் திவ்ய மூலிகையாக நீலக்கொடுவேலி என்றொன்று கர்ணபரம்பரைக் கதைகளில் வழங்குகிறது; இலவீழாப்பூஞ்சிறை, இல்லிக்கல் மலைப்பக்கத்தில் அது மறைந்திருப்பதாகச் சொல்வர். நர்சரியில் கிடைக்கும் கேப் செடிக்கும் அக்கதைக்கும் சம்பந்தமில்லையாயினும், அப்பெயரால் இதற்கு மதிப்புக் கூடியிருப்பதில் வியப்பில்லை.

ரப்பர் மரங்களின் நிழலில் நீலக் கொடிவேலி வளரும், ஆனால் பூவைக் குறைத்துக்கொள்ளும். வெயில் விழும் முற்றத்து மதிலோரமே தகுந்த இடம். இளந்தண்டின் நுனியில்தான் பூ வருவதால், ஒரு பூப்பு ஓய்ந்ததும் கிளைகளைத் துணிந்து வெட்டவேண்டும். ஆனியிலும் ஐப்பசியிலும் நீர் தேங்கினால் வேர் அழுகுமாதலால், மேடுகட்டி நடுவது நல்லது. வெட்டிய தண்டுகளை மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் ஈரம் காத்துவர, அவை வேர்விட்டுப் புதுச் செடிகளாகும்.